உடம்பில் திடீரென்று தடிப்பு: காத்திருக்கலாமா, இப்போதே கிளம்ப வேண்டுமா?

மூன்று வருடத்துக்கு முன்னால், மார்கழி மாதம், என் அத்தைக்கு விடாத காய்ச்சல். ஐந்தாம் நாள் மார்பிலும் வயிற்றிலும் மங்கலாகப் புள்ளிகள் கிளம்பின. சூடு என்றார் ஒருவர். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றார் இன்னொருவர். நானும் போனில் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, பதில் வருமென்று உட்கார்ந்திருந்தேன். ஏழாம் நாள் அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே பணியில் இருந்த சின்ன வயது லேடி டாக்டர் புள்ளிகளை ஒரு பார்வைதான் பார்த்தார், உடனே திரையை இழுத்துவிட்டு, "அம்மா, பாவாடை நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்க" என்றார். நாடா அழுந்துகிற இடத்தில், இடுப்பு மடிப்புக்குள், சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு புண். பட்டாணி அளவு, நடுவில் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலியும் கிடையாது, அரிப்பும் கிடையாது, அதனால் அத்தைக்கே அது இருப்பது தெரியாது. ஸ்க்ரப் டைஃபஸ், செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்களே, அதுதான். டாக்சிசைக்ளின் ஆரம்பித்து இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே ஏழு நாளை ஓட்டிவிட்டோம். அந்தக் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் கண்டுபிடிக்க முடியாது, தோல் டாக்டர்களே பல நேரம் பரிசோதனை செய்துதான் சொல்கிறார்கள். வீட்டில் இருப்பவர் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: இந்த ஆளை இப்போதே கொண்டுபோக வேண்டுமா, நாளைக் காலை போதுமா, ஒரு வாரம் பார்க்கலாமா? இதை முடிவு செய்ய நோயின் பெயர் தேவையில்லை. கீழே சொல்கிற வரிசையில் பார்த்துக்கொண்டே போங்கள், எந்த இடத்தில் "கிளம்புங்கள்" என்று வருகிறதோ அங்கேயே நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுங்கள், மீதியை வண்டியில் படித்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு முன்நிபந்தனை. பார்த்து முடிக்கிற வரை தோலில் எதையும் பூசாதீர்கள். காலமைன் பூசினால் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும், மஞ்சள் பூசினால் எல்லாம் மஞ்சளாகிவிடும், அப்புறம் எந்த டாக்டர் வந்தாலும் உண்மையான நிறத்தைப் பார்க்க முடியாது.

முதல் அரை நிமிடம்: தோலைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்

மூச்சு எப்படி இருக்கிறது? ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா, இல்லை நடுவில் மூச்சுக்காக நிறுத்துகிறாரா? உதடு, நாக்கு, கண் இமை வீங்கியிருக்கிறதா? குரல் கரகரப்பாக மாறியிருக்கிறதா, தொண்டையை எதுவோ அடைக்கிறது என்கிறாரா? தலைசுற்றல், மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிப்பது? உடம்பெல்லாம் காணாக்கடி மாதிரி தடித்து, கூடவே இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இறால், நண்டு, நிலக்கடலை, முட்டை, குளவிக் கொட்டு, வலிக்குப் போட்ட ஊசி, புதிதாகச் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக், இப்படி எதற்கு வேண்டுமானாலும் இது வரும், சில நிமிடத்தில் ஆரம்பித்து மளமளவென்று ஏறும். உயிருக்கே ஆபத்தான இந்த ஒவ்வாமையை அனாஃபிலாக்சிஸ் என்பார்கள். போன மாதம் அதையே சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்பது எந்த உத்தரவாதமும் இல்லை.

இந்த இடத்தில் நம் வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. மெடிக்கலில் ஒரு செட்ரிசினோ அவிலோ வாங்கிப் போட்டுவிட்டு, தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்க வைத்துவிடுகிறோம். அந்த மாத்திரை அரிப்பைக் குறைக்கும், தடிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாய் அடைப்பதையும் ரத்த அழுத்தம் இறங்குவதையும் அது நிறுத்தாது. அதை நிறுத்துகிற மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஊசியாகப் போடுவது. பழைய மருந்து, விலையும் குறைவு. ஆகவே நல்ல ஆஸ்பத்திரி எது என்று தேடி ஊரைத் தாண்டி ஓட்டாமல், டாக்டர் இருக்கிற இடங்களில் எது முதலில் கைக்கு எட்டுகிறதோ அங்கே போங்கள்.

வண்டி வருகிற வரை மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் காலை நீட்டி உட்காரட்டும், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும், கர்ப்பிணியாக இருந்தால் இடது பக்கமாக. வாசல் வரை நடத்திக் கூட்டிப்போகாதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் சட்டென்று எழுந்து நிற்பதே ஆளைச் சாய்த்துவிடும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சரியான பிறகும் சில மணி நேரம் இருக்கச் சொல்வார்கள், இருங்கள். அடங்கியது சில பேருக்குத் திரும்ப வரும்.

மூச்சு சரியாக இருக்கிறது, ஆனால் ஆள் ஆளாக இல்லை என்றாலும் அதே அவசரம்தான். குழப்பமாகப் பேசுகிறார், எழுப்பினாலும் கண் திறக்காமல் தூங்கி விழுகிறார், கைகால் ஜில்லென்று இருக்கிறது, கழுத்தைக் குனிய முடியவில்லை, வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது. குழந்தையாக இருந்தால், பால் குடிக்கவில்லை, அழுகை மெலிந்து முனகலாகிவிட்டது. அம்மாக்கள் "பிள்ளை சரியில்லை" என்று சொல்லும்போது அதை நம்புங்கள், அது தெர்மாமீட்டருக்கு முன்னால் வருகிற அறிகுறி.

காய்ச்சல் இருக்கிறதா? கையால் தொட்டுப் பார்த்தது கணக்கில் இல்லை

தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், அதற்கு மேல் போனால் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இல்லையென்றால் இன்றே வாங்கி வையுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தால், தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நேரம் என்னவாக இருந்தாலும் கிளம்புங்கள்.

பெரியவர்களுக்கும் வளர்ந்த குழந்தைகளுக்கும் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் அன்றைக்குள் டாக்டர் பார்க்க வேண்டும் என்பது என் கணக்கு. பெரும்பாலும் சாதாரண வைரஸ் காய்ச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம்.

அழுத்திப் பார்ப்பது

இதுதான் வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளிலேயே மிகப் பயனுள்ளது, ஒரு நிமிடம் போதும். நம் வீட்டில் எல்லாம் எவர்சில்வர் டம்ளர், அது உதவாது. பக்கவாட்டில் பூவேலையோ வரியோ இல்லாத கண்ணாடி டம்ளர் வேண்டும், அது இல்லையென்றால் லேபிளை உரித்த ஊறுகாய் பாட்டில் போதும். ஜன்னல் பக்கமாக, வெளிச்சத்தில் ஆளை உட்கார வையுங்கள். டம்ளரின் பக்கத்தைப் புள்ளிகள் மேல் நன்றாக அழுத்திப் பிடித்து, கண்ணாடி வழியாகவே பாருங்கள். சாதாரணத் தடிப்பு என்றால் அழுத்தும்போது நிறம் மறைந்து தோல் வெளுக்கும், எடுத்ததும் திரும்ப வரும். அழுத்தினாலும் குண்டூசி முனை மாதிரிச் சிவப்பாகவோ, நாவல்பழக் கறை மாதிரியோ புள்ளி அப்படியே நிற்கிறது என்றால், ரத்தம் குழாயை விட்டுத் தோலுக்குள் கசிந்திருக்கிறது என்று அர்த்தம்.

மறையாத புள்ளியும் காய்ச்சலும் சேர்ந்தால் உடனே கிளம்புங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் கலந்திருந்தால் இப்படித்தான் வரும், காலையில் நாலு புள்ளி, மத்தியானத்துக்குள் காலெல்லாம் பரவி ஊதா நிறமாகிவிடும், அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். டெங்குவில் தட்டணுக்கள் குறைந்தாலும் இந்தப் புள்ளிகள் வரும். காய்ச்சலே இல்லாமல் வந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை வேண்டும், தட்டணுக்கள் மட்டும் தனியாகக் குறைகிற நோய்கள் இருக்கின்றன. குழந்தைகளுக்குப் புட்டத்திலும் காலிலும் தொட்டால் மேடாகத் தெரிகிற புள்ளிகள் வந்து, மூட்டு வலியும் வயிற்று வலியும் சேர்ந்தால் அது ரத்தக்குழாய் வீக்கம், பிறகு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனை செய்து சில மாதம் கவனிப்பார்கள். கடுமையாக இருமியோ வாந்தியெடுத்தோ முகத்திலும் கழுத்திலும் மட்டும் சில புள்ளிகள் வருவதுண்டு, அது அழுத்தத்தால் வருவது. அப்படித்தான் என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம், அதையும் காட்டிவிடுங்கள்.

ஒன்று மறக்காதீர்கள். டம்ளர் சோதனையில் புள்ளி மறைந்துவிட்டது என்பதற்காக, சோர்ந்து கிடக்கிற குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. மெனிங்கோகாக்கஸிலும் ஆரம்பத்தில் மறைகிற புள்ளிதான் வரலாம். சோதனையா குழந்தையின் நிலைமையா என்று வந்தால் குழந்தையின் நிலைமைதான் பெரிது.

அப்புறம் நம் தோல் நிறம். இணையத்தில் கிடைக்கிற படங்கள் பாதிக்கு மேல் வெள்ளைத் தோலில் எடுத்தவை, அதில் எல்லாம் செக்கச்செவேல் என்று இருக்கும். நம் மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அதே தடிப்பு பழுப்பாக, கருஞ்சிவப்பாக, சில நேரம் சாம்பல் நிறமாகத்தான் தெரியும், "சிவக்கவே இல்லையே" என்று விட்டுவிடுவோம். ஆகவே உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையை இழுத்தால் தெரிகிற உள்பக்கம், வாயின் மேலண்ணம், இந்த இடங்களைப் பாருங்கள், நிறம் அங்கே ஏமாற்றாது. புறங்கையால் தடவியும் பாருங்கள், சூடும் மேடும் கண்ணுக்குத் தெரியாதபோதும் கைக்குத் தெரியும்.

வாயும் கண்ணும், அப்புறம் மாத்திரை அட்டையும்

போன் டார்ச்சைப் போட்டு வாயைத் திறக்கச் சொல்லுங்கள். உதட்டின் உள்பக்கம், கன்னத்தின் உள்பக்கம் புண்ணாகியிருக்கிறதா? கண் சிவந்து எரிகிறதா? சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், பிறப்புறுப்பில் புண்? இதை நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள். தோல் அரிக்கிறதா என்று கேட்காமல் வலிக்கிறதா என்று கேளுங்கள்.

பிறகு கடந்த இரண்டு மாதத்தில் புதிதாக ஆரம்பித்த மருந்து எல்லாவற்றையும் மேஜையில் கொட்டுங்கள். நேற்றுச் சாப்பிட்ட மாத்திரையைத்தான் எல்லோரும் சந்தேகப்படுகிறோம். ஆனால் மருந்தால் வருகிற மிக மோசமான தோல் நோய், ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம் என்று பெயர், பெரும்பாலும் மருந்து ஆரம்பித்து நாலாவது நாளிலிருந்து நாலு வாரத்துக்குள் கிளம்பும். 1922-ல் நியூயார்க்கில் இரண்டு டாக்டர்கள் இரண்டு சிறுவர்களிடம் கண்டு எழுதியது இது, அவர்கள் பெயர்தான் நோய்க்கும் நிலைத்தது. முதல் இரண்டு மூன்று நாள் ஃப்ளூ மாதிரி காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். அப்புறம் தோலில் கருஞ்சிவப்புத் திட்டுகள், கொப்புளம், லேசாகத் தேய்த்தாலே வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உரிவது. உயிருக்கும் பார்வைக்கும் ஆபத்து, தீக்காயம் பட்டவரைப் போல வைத்துப் பார்க்க வேண்டிய நோய்.

அடிக்கடி சந்தேகிக்க வேண்டிய மருந்துகள் நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குபவைதான்: வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற கார்பமாசெபைன், வலிப்புக்கான ஃபெனிடோயின், லாமோட்ரிஜின், யூரிக் ஆசிடுக்கான அலோபியூரினால், சல்ஃபா வகையைச் சேர்ந்த கோட்ரைமாக்சசோல், சில வலி மாத்திரைகள். தலைவலிக்கு, முட்டி வலிக்கு என்று சீட்டில்லாமல் வாங்கியதும் கணக்கில் சேரும். சூரணம், லேகியம், வாட்ஸப்பில் பார்த்து வாங்கிய பொடி, அதுவும் சேரும், வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

தடிப்போடு வாய்ப்புண்ணோ கண் சிவப்போ தோல் வலியோ இருந்தால், அடுத்த வேளை மாத்திரை நேரம் வருவதற்குள் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். சந்தேகப்படுகிற மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது, அதே சமயம் வலிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும். நிறுத்துவதா, எதை மாற்றிக் கொடுப்பதா என்று அன்றே முடிவு செய்ய ஒரு டாக்டர் வேண்டும். முகம் உப்பிப்போய், கழுத்தில் நெறிகட்டி, காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு என்றாலும் இதே அவசரம்தான். மருந்து ஒவ்வாமையின் இன்னொரு வகை அது, ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும், மருந்து ஆரம்பித்து இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள் வரும்.

எவ்வளவு பரவியிருக்கிறது என்று போனில் கேட்டால் சொல்வதற்கு ஒரு எளிய அளவு: நோயாளியின் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அவர் உடம்புத் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். "பத்து உள்ளங்கை அளவு உரிந்திருக்கிறது" என்று சொன்னால் எதிர்முனையில் இருக்கும் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார்.

வலி, வேகம், பேனாக் கோடு

அரிக்கிற தடிப்பு பெரும்பாலும் பொறுக்கும், வலிக்கிற தடிப்பு பொறுக்காது. காலில் ஓரிடம் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால் அதன் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்திலேயே மணி எழுதுங்கள், தோல் மேலேயே. இரண்டு மணி நேரம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கோடு போடுகிற வேலையெல்லாம் வண்டியில் ஏறியபிறகு. கால்விரல் இடுக்கில் ஒரு சின்ன வெடிப்பு போதும், கிருமி நுழைந்துவிடும். பார்க்கக் கொஞ்சமாகச் சிவந்திருக்கிறது, ஆனால் ஆள் தாங்க முடியாமல் கதறுகிறார், அல்லது தோல் ஊதாவாக மாறுகிறது, கொப்புளம் வருகிறது, தொட்டால் உள்ளே நொறுநொறுவென்கிறது என்றால் ஆழத்தில் தசையுறை அழுகிக்கொண்டிருக்கலாம். அதற்கு ஆபரேஷன் வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும், அன்றே, அந்த நேரத்திலேயே.

வெறும் காணாக்கடிக்கும் பேனா உதவும். ஒரு தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டால் மறுநாள் வட்டத்துக்குள் ஒன்றும் இருக்காது, வேறு இடத்தில் கிளம்பியிருக்கும். ஒரே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் நின்று, வலித்து, கன்றிப்போனது மாதிரிக் கறை விட்டால் அது வெறும் காணாக்கடி இல்லை, டாக்டரிடம் காட்டுங்கள்.

உடை மறைக்கிற இடங்கள்

என் அத்தை விஷயம் இதில்தான் வருகிறது. காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டியது, தலைவலி, உடம்பு வலி, காரணம் தெரியவில்லை என்றால், யாராவது ஒருவர் உடம்பு முழுவதையும் பார்க்க வேண்டும். அக்குள், மார்பின் அடிப்பகுதி, தொடை இடுக்கு, இடுப்பில் நாடாவோ அரைஞாண் கயிறோ அழுந்துகிற இடம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், தொப்புள், விரைப்பைக்குக் கீழே. ஸ்க்ரப் டைஃபஸைப் பரப்புகிற சிற்றுண்ணிக் குஞ்சு கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, புல்லிலும் புதரிலும் இருந்து ஏறி, உடை இறுக்கிப் பிடிக்கிற மெல்லிய தோலைத் தேடிக் கடிக்கும். வயல் வேலை, ஆடு மாடு மேய்ப்பு, விறகு பொறுக்குதல், தோட்ட வேலை, புதர் மண்டிய காலி மனைப் பக்கம் விளையாடிய குழந்தை, இப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நம் பக்கம் மழைக்காலத்திலும் அதை ஒட்டி வருகிற பனி மாதங்களிலும் இது அதிகம். கறுப்புப் பொருக்கு எல்லோருக்கும் இருக்காது, இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது. இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ நேரத்தோடு கொடுத்தால் குணமாகிற நோய், தள்ளிப்போட்டால் நுரையீரலுக்கும் மூளைக்கும் போகும்.

நம் வீட்டுப் பெண்கள், அதிலும் வயதானவர்கள், அந்த இடங்களை டாக்டரிடமும் காட்ட மாட்டார்கள், மகனிடம் சொல்லவும் மாட்டார்கள். மகளோ மருமகளோ அக்காவோ குளிக்க வைக்கும்போது ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நான் அன்றைக்கு அம்மாவிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லியிருந்தால் அத்தைக்கு ஆக்சிஜன் வைக்கும் நிலை வந்திருக்காது.

டெங்குத் தடிப்பு பற்றித் தனியாக

டெங்குவில் ஆரம்ப நாட்களில் முகமும் மார்பும் சிவக்கும். பிறகு காய்ச்சல் விட்டதும் கையிலும் காலிலும் அடர்த்தியாகச் சிவந்து, நடுநடுவே வெள்ளைத் தீவுகள் மாதிரித் தோல் தெரிய, உள்ளங்கை உள்ளங்கால் எல்லாம் அரிக்கும். இந்த இரண்டாவது தடிப்பு குணமாகும்போது வருவது, பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாளுக்குத்தான், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். "காய்ச்சல் விட்டுடுச்சு, இனிமே ஒண்ணும் இல்ல" என்று எல்லோரும் மூச்சு விடுகிற நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும். விடாத வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கறுத்த மலம், ஓயாத சோர்வு அல்லது நிலைகொள்ளாத பதற்றம், ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, இதில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிதான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம், ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

அம்மையும் அக்கியும்

அம்மை போட்டிருக்கிறது என்றால் வேப்பிலை கட்டி, தனியாகப் படுக்க வைத்து, மூன்று தண்ணீர் ஊற்றுகிற வரை வெளியே அழைத்துப் போகாமல் இருப்பது நம் வழக்கம். தனியாக வைப்பது நல்ல வழக்கம், சின்னம்மை அவ்வளவு வேகமாகத் தொற்றும். வேப்பிலையும் கெடுதல் செய்யாது. டாக்டரிடம் காட்டக் கூடாது, மருந்து கொடுக்கக் கூடாது என்கிற பகுதிதான் உயிரை எடுக்கிறது. நல்ல ஆரோக்கியமான குழந்தைக்குச் சின்னம்மை தானாக அடங்கிவிடும். பெரியவர்களுக்கு வந்தால், கர்ப்பிணிக்கு வந்தால், ஸ்டீராய்டோ புற்றுநோய் மருந்தோ எடுப்பவருக்கு வந்தால் கொப்புளம் கிளம்பிய முதல் நாளே டாக்டரிடம் போங்கள், வைரஸ் மருந்து முதல் 24 மணி நேரத்தில் கொடுத்தால்தான் முழுப் பலன். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரை தாய்க்கு அம்மை கண்டால் பிறந்த குழந்தைக்கு உயிராபத்து, பிரசவம் பார்க்கிற இடத்தில் உடனே சொல்லியாக வேண்டும். யாராக இருந்தாலும் மூச்சு வாங்கினால், இருமினால், தள்ளாடினால், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினால் அம்மையென்று பார்க்காதீர்கள். சாமியைக் கும்பிட்டுவிட்டு ஆட்டோவைக் கூப்பிடுங்கள். போகிற இடத்துக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டால் மற்ற நோயாளிகளுக்குத் தொற்றாமல் தனியாக உட்கார வைப்பார்கள்.

தட்டம்மையில் முதலில் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண். மூன்று நாலு நாள் கழித்துக் காதுக்குப் பின்னாலும் நெற்றி ஓரத்திலும் புள்ளி ஆரம்பித்துக் கீழே இறங்கும். தடுப்பூசி போடாத குழந்தையாக இருந்தால் அன்றே காட்டுங்கள்.

அக்கி என்றால் காவி கரைத்து எழுதுகிற இடத்துக்குக் கூட்டிப்போகிறோம். ஒரு பக்கமாக மட்டும் எரிச்சலோடு வரிசையாகக் கொப்புளம் வருகிற அக்கி, பழைய சின்னம்மை வைரஸ் நரம்பிலிருந்து மறுபடி கிளம்புவது. மருந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. எழுதுவதில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு எழுதிக்கொள்ளுங்கள், காவிக்குக் கீழே கொப்புளம் தெரியாது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணையும் தாக்கலாம், அன்றைக்கே கண் டாக்டர். காதில் வந்து வாய் ஒரு பக்கம் கோணினாலும் அன்றைக்கே.

குழந்தைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, ஐந்து நாளாக மருந்துக்கும் அடங்காத காய்ச்சல், பீளை தள்ளாத சிவந்த கண், வெடித்துச் சிவந்த உதடு, ஸ்ட்ராபெர்ரி மாதிரிப் பொரிந்த நாக்கு, கைகால் வீக்கம், உடம்பில் தடிப்பு. இவை எல்லாம் ஒரே நேரத்தில் இருக்காது, ஒன்று வந்து போய் இன்னொன்று வரும், அதனால் நாட்குறிப்பு மாதிரி எழுதி வையுங்கள். கவாசாகி நோய் இது. ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டோமிசாக்கு கவாசாகி 1967-ல் எழுதி வைத்ததால் அந்தப் பெயர். தடிப்பு தானாகப் போய்விடும், இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் வீங்குவதுதான் பயம். இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காய்ச்சல் ஆரம்பித்த பத்து நாளுக்குள் கொடுத்தால் அந்த ஆபத்து நன்றாகக் குறைகிறது. ஆகவே ஐந்தாம் நாள் குழந்தை டாக்டரிடம் "கவாசாகியாக இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

காத்திருக்கக் கூடியவை

வேர்க்குரு, கொசுக்கடி, தொடை இடுக்குப் படை, புதிய சோப்போ சாயமோ பட்டு அரிப்பது, மழைக்காலத்தில் டியூப்லைட்டைச் சுற்றி வருகிற சின்னப் பூச்சியை அடித்து நசுக்கியதால் மறுநாள் கோடு போட்ட மாதிரி வெந்துபோவது (கண்ணில் பட்டால் மட்டும் அவசரம்). வீட்டில் எல்லோருக்கும் ராத்திரியில் அரிக்கிறது, விரலிடுக்கில் சின்னச் சின்னப் பொரி என்றால் சொறி, எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட்டால்தான் போகும். இவற்றுக்கு இரண்டு மூன்று நாளில் டாக்டரைப் பார்த்தால் போதும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்தால் மட்டும் மறுநாளே சொல்லுங்கள், ஈரல் சம்பந்தப்பட்டது, குழந்தையைப் பாதிக்கும்.

காத்திருக்கிறேன் என்று சொல்லி மெடிக்கலில் கேட்டு ஒரு கிரீம் வாங்கிப் பூசாதீர்கள். பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த கலவையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டே நாளில் அரிப்பு நின்று நல்ல மருந்து என்று தோன்றும், படை அடியில் பரவிக்கொண்டே இருக்கும், தோல் மெலியும், கடைசியில் தோல் டாக்டருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும். இந்த ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி கொண்டுவந்தார்கள், நாம் கேட்பதை நிறுத்தவில்லை. உணர்ச்சியில்லாத வெளிர்த் திட்டு இருந்தால் அவசரமில்லை, ஆனால் விடவும் கூடாது. ஊசி முனையால் தொட்டால் தெரியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், தொழுநோய்க்கு மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும்.

முடிவெடுக்க முடியாத நேரத்தில் தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்துக் கேட்கலாம், மருத்துவ ஆலோசனைக்கென்றே உள்ள எண். காய்ச்சலோடு இருக்கிற குழந்தையை வீட்டில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து, லைட்டைப் போட்டுச் சட்டையைத் தூக்கி டம்ளர் வைத்துப் பாருங்கள்.

கிளம்பும்போது

மாத்திரை அட்டைகள், காலியான அட்டை உட்பட, ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுத்த படம் இருந்தால் நல்லது, போகும் வழியில் தடிப்பு அமுங்கிவிட்டாலும் காட்ட முடியும். அங்கே கூட்டம் இருக்கும். "உடம்பெல்லாம் தடிப்பு" என்று மட்டும் சொன்னால் ஓபி சீட்டு வாங்கச் சொல்லி வரிசையில் உட்கார வைப்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. நுழைந்ததும் முக்கியமானதை முதலில் சொல்லுங்கள்: "காய்ச்சலோட அழுத்தினாலும் மறையாத புள்ளி இருக்கு", "வலிப்பு மாத்திரை ஆரம்பிச்சு பதினைஞ்சு நாள், இப்ப வாயெல்லாம் புண்ணு", "இறால் சாப்பிட்டு அரை மணி நேரம், மூச்சு வாங்குது". இந்த ஒரு வரிக்கு வரிசை விலகும்.

பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றால் சந்தோஷம். எழுந்து வருவதற்கு முன்னால், "எது நடந்தா திரும்பி வரணும் டாக்டர்?" என்று கேட்டு, சொன்னதைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒன்று ராத்திரி இரண்டு மணிக்கு நடந்தால், இப்போதுதானே போய்வந்தோம் என்று யோசிக்காமல் அதே சீட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போங்கள்.